குடிசையோடு பள்ளிக்கூடமும் போச்சு!

படிப்பைத் தீர்மானிப்பது மார்க்கா, வீட்டு விலாசமா?

சென்னை நகரில் ஒரு பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் என்று தெரிந்து கொள்ள ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டு விலாசத்தைக் கேட்டால் போதும்!

மயிலாப்பூர், மாம்பலம், எழும்பூர் என்று பதில் வந்தால் ஒரு மாதிரி. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று பதில் வந்தால் வேறு மாதிரி.

கூவம் கரையிலும் அடையாறு கரையிலும் இருந்த குடிசைகளை அகற்றி, அங்கிருந்தவர்களை ஊருக்கு வெளியே அடுக்கு மாடி வீடுகளில் குடியேற்றும் வேலை 2000-ம் ஆண்டில் இருந்து நடந்து வருகிறது. மந்திரி வருகிறார். சாவி கொடுக்கிறார். பத்திரிகையில் படம் வருகிறது.

சாவி வாங்கிய அம்மாவின் கையைப் பிடித்துக் கொண்டு நிற்கிறதே ஒரு பிள்ளை, அது நாளைக் காலையில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும்?

அதைத்தான் யாரும் கேட்பது இல்லை. இப்போது கேட்டுப் பார்ப்போம்.

கூப்பிடு தூரத்தில்...

குடிசை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது ஓலை, தகரம், சாக்கடை, கொசு. எல்லாம் உண்மைதான். மழை பிடித்தால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். 2015-ம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை ஜனங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

ஆனாலும் அந்தக் குடிசைக்கு ஒரு சொத்து இருந்தது. பத்திரம் கிடையாது, பட்டா கிடையாது. அதுதான் கூப்பிடு தூரத்தில் உள்ள பள்ளிக்கூடம்!

சென்னையில் நல்ல அரசாங்கப் பள்ளிகளும், அரசு உதவி பெறும் பள்ளிகளும் பெரும்பாலும் எங்கே இருக்கின்றன? பழைய நகரத்துக்குள்தான்.

மெரினா கடற்கரைக்கு எதிரே திருவல்லிக்கேணியில் லேடி வெலிங்டன் பள்ளி. எழும்பூரில் பிரசிடென்சி பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அசோக் நகரில் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி. அட்மிஷன் நேரத்தில் அசோக் நகர் பள்ளி வாசலைப் பார்த்தால், அரசாங்கப் பள்ளிக்கு இவ்வளவு கிராக்கியா என்று மூக்கில் விரலை வைக்கத் தோன்றும்.

மயிலாப்பூரிலும், திருவல்லிக்கேணியிலும் நூறு வருடத்துக்கு மேல் ஆன உதவி பெறும் பள்ளிகள் இருக்கின்றன. தெருவுக்குத் தெரு கார்ப்பரேஷன் பள்ளிகள் இருக்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு போடும் பழக்கத்தை 1920-ம் ஆண்டிலேயே தொடங்கியது இந்த ஊர் கார்ப்பரேஷன் பள்ளிதான். இடம்: ஆயிரம் விளக்கு. தொடங்கியவர்: பிட்டி தியாகராயர்.

ஒரு நல்ல பள்ளிக்கூடம் ஒரே நாளில் வந்து விடாது. நல்ல வாத்தியார்கள், பழைய மாணவர்கள், லேபாரட்டரி, மைதானம், ‘அந்த ஸ்கூலா? நல்லா சொல்லித் தருவாங்க’ என்ற பெயர். இதெல்லாம் சேர பல வருடம் ஆகும்.

கூவம் கரையில் குடியிருந்த ரிக்ஷாக்காரர் மகனும், மீன்காரி மகளும் அந்தப் பள்ளிகளுக்கு நடந்தே போனார்கள். பக்கத்து பெஞ்சில் குமாஸ்தா மகன் உட்கார்ந்தான். பஸ் செலவு இல்லை. டொனேஷன் இல்லை. பணம் இல்லாதவனும் நகரத்தின் நடுவில் குடியிருந்ததால் கிடைத்த லாபம் அது!

வாரியம் பிறந்த கதை

1970-ம் ஆண்டு தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. மறு வருடம் அதற்குச் சட்டமும் வந்தது. அதே வாரியத்துக்கு 2021-ல் ‘நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ என்று பெயர் மாற்றினார்கள்.

ஆரம்பத்தில் வாரியம் என்ன செய்தது தெரியுமா?

குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. நொச்சிக்குப்பம் மீனவர்களுக்கு மெரினா ஓரத்திலேயே வீடு. பட்டணத்தில் பல இடங்களில் இப்படி ‘ஹவுசிங் போர்டு’ என்று ஜனங்கள் வாய்மொழியில் சொல்லும் அடுக்கு வீடுகள் எழுந்தன. வீடு மாறியது. விலாசம் மாறவில்லை. பள்ளிக்கூடமும் மாறவில்லை.

பிறகு காற்று திசை மாறியது. நகரத்துக்குள் நிலத்தின் விலை ஏறியது. பறக்கும் ரெயில், பாலம், சாலை, ஆறு சீரமைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் இடம் தேவைப்பட்டது. ஏழைக்கு வீடு கட்ட நகரத்துக்குள் நிலம் இல்லை என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

அதே நகரத்துக்குள்தான் பெரிய பெரிய கடை வளாகங்களுக்கும், பங்களா அடுக்கு மாடிகளுக்கும் நிலம் கிடைத்தது!

2000-ம் ஆண்டில் பழைய மகாபலிபுரம் ரோட்டில், ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் எழுந்தது. கூட எழில் நகரும் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்து 23 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். செம்மஞ்சேரியில் 6 ஆயிரத்துக்கு மேல். அதற்கும் தெற்கே பெரும்பாக்கத்தில், லிப்ட் வைத்த எட்டு மாடிக் கட்டிடங்களில் பல்லாயிரம் வீடுகள்.

ஒரு வீட்டில் சராசரி நாலு பேர் என்று வைத்துக் கொண்டாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். கண்ணகி நகர், எழில் நகர் இரண்டிலும் மட்டும் 90 ஆயிரம் பேருக்கு மேல். ஒரு டவுன் ஜனத்தொகை! அத்தனை பேரும் ஏழைகள். அதில் பெரும் பகுதியினர் ஆதிதிராவிட மக்கள்.

கிராமத்தில் ஊர் தனி, சேரி தனி என்று இருந்ததைப் பார்த்திருக்கிறோம். பட்டணத்துக்கு வந்தால் அது மறையும் என்றார்கள். மறைந்ததா? இங்கேயும் ஊர் ஒரு பக்கம், அது வேறு பக்கம் ஆகி விட்டது. நடுவில் 20 கிலோ மீட்டர்!

லாரி வரும் நேரம்

வீடு மாற்றுவதில் இன்னொரு கூத்து இருக்கிறது. அதுதான் நேரம்.

பள்ளிக்கூடத்துக்கு என்று ஒரு காலண்டர் உண்டு. ஜூன் மாதம் திறக்கும். டிசம்பரில் அரைப் பரீட்சை. மார்ச், ஏப்ரலில் முழுப் பரீட்சை. இது சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும். ஆனால் குடிசையை இடிக்க வரும் லாரிக்கும், பொக்லைனுக்கும் இந்தக் காலண்டர் தெரிவது இல்லை!

2015 டிசம்பர் வெள்ளம் வடிந்த கையோடு, படிப்பு வருடத்தின் நடுவில், ஆற்றங்கரைக் குடும்பங்கள் எழில் நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டு போகப்பட்டன.

2019-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் தீவுத்திடல் அருகே சத்தியவாணி முத்து நகரில் இடிப்பு நடந்தது. பள்ளி வருடம் பாதியைத் தாண்டிய நேரம். குடும்பங்கள் போய்ச் சேர்ந்த இடம் 25 கிலோ மீட்டருக்கு அப்பால் உள்ள பெரும்பாக்கம்.

2022-ம் ஆண்டு நடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் ஏப்ரல் கடைசியில் வீடுகளை இடிக்கத் தொடங்கினார்கள். கோர்ட்டு உத்தரவு. மே 5-ந் தேதி பிளஸ்-2 பொதுப் பரீட்சை. மே 6-ந் தேதி எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. இடிந்த செங்கல் மேல் உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்க வேண்டிய நிலை!

மே 8-ந் தேதி அங்கே குடியிருந்த ஒருவர் உடம்பில் தீ வைத்துக் கொண்டு, பிறகு உயிரை விட்டார். ஊரே கொதித்தது. அதன் பிறகு, அந்த மக்களுக்கு மயிலாப்பூர், மந்தைவெளி பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்று முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டசபையில் அறிவித்தார்.

பக்கத்திலேயே வீடு கொடுக்க முடியும் என்று அரசாங்கமே சொன்னது அது. ஆனால் அந்த வார்த்தை வருவதற்கு ஓர் உயிர் போக வேண்டியிருந்தது.

மூன்று வழி, மூன்றும் முள்

ஒரு குடும்பத்தை எடுத்துக் கொள்வோம். இப்படிப்பட்ட குடும்பம் பெரும்பாக்கத்தில் எந்த மாடியில் கதவைத் தட்டினாலும் கிடைக்கும்.

அப்பாவுக்கு நகரத்தில் மூட்டை தூக்கும் வேலை. அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். பெண் 9-ம் வகுப்பு. பையன் 3-ம் வகுப்பு. எல்லோருக்கும் வேலையும் பள்ளியும் குடிசையில் இருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்தன. திடீரென்று ஒரு நாள் லாரி வந்தது. சாமான் ஏறியது.

இனி அந்தப் பெண்ணின் படிப்புக்கு மூன்று வழி.

முதல் வழி: பழைய பள்ளிக்கே பஸ்சில் போவது. பஸ்சுக்குக் காசு வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசப் பயணம் உண்டு. 2021 மே மாதத்தில் இருந்து சாதாரண பஸ்சில் பெண்களுக்கும் டிக்கெட் கிடையாது. ஆனால் நேரத்துக்கு யார் இலவசம் கொடுப்பது? விடியற்காலை 5 மணிக்கு எழுந்தால்தான் 6 மணி பஸ். ஆபீஸ் கூட்டத்தில் நின்று கொண்டே ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம். சாயங்காலம் அதே மாதிரி. வீடு வந்து சேரும்போது இருட்டி விடும். வயசுப் பெண் இருட்டில் வருகிறாள் என்று அம்மாவுக்கு வயிற்றில் நெருப்பு. ‘படிச்சது போதும்டி, வீட்டோட இரு’ என்ற வார்த்தை எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

இரண்டாவது வழி: புது இடத்தில் உள்ள பள்ளியில் சேர்ப்பது. டி.சி. வாங்க வேண்டும். அதற்கு அம்மா ஒரு நாள் வேலைக்கு மட்டம் போட வேண்டும். இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘எமிஸ்’ நம்பர் உண்டு. பழைய பள்ளி கம்ப்யூட்டரில் பெயரை விடுவித்தால்தான், புதுப் பள்ளி தன் கணக்கில் ஏற்ற முடியும். ஒரு தடவை போனால் ‘எச்.எம். மீட்டிங்’. மறு தடவை போனால் ‘சர்வர் இல்லை’. மூன்று நாள் கூலி போச்சு!

இதில் இன்னொரு சிக்கல். பெரும்பாக்கம் சென்னை கார்ப்பரேஷனுக்குள் இல்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள கிராம ஊராட்சி. பிள்ளையின் பள்ளி மட்டும் அல்ல, மாவட்டமே மாறுகிறது. நகரத்துக் கார்ப்பரேஷன் பள்ளியில் படித்த பிள்ளை, ஒரே லாரிப் பயணத்தில் கார்ப்பரேஷன் எல்லையைத் தாண்டி விடுகிறது.

மூன்றாவது வழி: நின்று விடுவது. இதற்கு அப்ளிகேஷன் வேண்டாம், கையெழுத்து வேண்டாம், யாரையும் கெஞ்ச வேண்டாம். இன்றைக்குப் போகவில்லை, நாளைக்குப் போகவில்லை என்று தானாக நடந்து விடும். பையன் என்றால் மெக்கானிக் ஷாப்போ, கேட்டரிங் வேலையோ. பெண் என்றால் தம்பியைப் பார்த்துக் கொள்வது. அப்புறம் கல்யாணம்.

சிலர் நாலாவது வழி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார்கள். கடன் வாங்கிப் பக்கத்தில் உள்ள சின்ன இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்து விடுகிறார்கள். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது.

6-ம் வகுப்பில் இருந்து பிளஸ்-2 வரை அரசாங்கப் பள்ளியில் படித்தால்தான், 2020-ல் வந்த சட்டப்படி மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. பெண் பிள்ளை காலேஜ் போனால் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அரசாங்கப் பள்ளிப் படிப்போ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழிப் படிப்போதான் ஆதாரம். இடையில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போனாலும் இந்தச் சலுகைகள் கை நழுவும். இதை அந்த அம்மாவுக்கு அட்மிஷன் அன்று எடுத்துச் சொல்ல ஆள் இல்லை!

ஒரு கிலோ மீட்டர் சுவர்

‘ஏழைக்குத்தான் பெரிய தனியார் பள்ளியிலேயே 25 சதவீத சீட் இருக்கிறதே?’ என்று நீங்கள் கேட்கலாம்.

இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1-ந் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி தனியார் பள்ளிகள் தொடக்க வகுப்பில் 25 சதவீத இடத்தை நலிந்த, பின்தங்கிய பிரிவுப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். பீசை அரசாங்கம் கட்டும். நல்ல சட்டம்தான்.

ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் வீடு பள்ளியில் இருந்து 1 கிலோ மீட்டருக்குள் இருக்க வேண்டும்!

பக்கத்து வீட்டுப் பிள்ளை பக்கத்துப் பள்ளியில் படிக்கட்டும், பணக்காரப் பிள்ளையும் ஏழைப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும் என்ற நல்ல எண்ணத்தில் வைத்த தூரம் அது. ஏழையும் பணக்காரனும் பக்கத்தில் பக்கத்தில் குடியிருந்த வரைக்கும் சரி. ஏழையை 25 கிலோ மீட்டர் தள்ளி வைத்த பிறகு?

பெரிய பள்ளி இருக்கும் தெருவைச் சுற்றி ஒரு கிலோ மீட்டருக்குள் குடிசை இல்லை. குடிசைக்காரர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு கிலோ மீட்டருக்குள் அந்த மாதிரி பள்ளி இல்லை. கதவும் திறந்திருக்கிறது, சட்டமும் இருக்கிறது. உள்ளே போக ஆள்தான் பக்கத்தில் இல்லை!

கண்ணகி நகர் மாதிரி இடத்துக்குப் பக்கத்தில் சில தனியார் பள்ளிகள் இருந்தாலும் கணக்கு உதைக்கிறது. ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.யில் 60 சீட் என்றால், 25 சதவீதம் 15 சீட். பல ஆயிரம் வீடுகளுக்கு நடுவே 15 சீட் எந்த மூலைக்கு? குலுக்கல் போடுகிறார்கள். லாட்டரிச் சீட்டு மாதிரி, விழுந்தவனுக்கு விழுந்தது.

சிறுபான்மை அந்தஸ்து பெற்ற பள்ளிகளுக்கு இந்த 25 சதவீதம் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ல் தீர்ப்புச் சொல்லி விட்டது. அந்தப் பள்ளிகளையும் கழித்து விடுங்கள்.

போதாக்குறைக்கு 2025-ல் மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் நிதித் தகராறு. ஏப்ரல், மே மாதத்தில் நடக்க வேண்டிய 25 சதவீத சேர்க்கை, அக்டோபர் மாதத்தில்தான் தொடங்கியது. யானைகள் மோதினால் நசுங்குவது புல்!

அட்ரஸ் கேட்டால் முகம் சுளிப்பு

பள்ளிக்கூடம் கிடைத்து, படித்து, பாஸ் செய்து வெளியே வந்தாலும் விலாசம் விடுவது இல்லை.

‘எந்த ஏரியா?’

‘கண்ணகி நகர், சார்.’

அதற்குப் பிறகு கேட்பவர் முகம் மாறும். ‘சரி, அப்புறம் சொல்றோம்’ என்பார். அந்த அப்புறம் வருவதே இல்லை. வேலைக்குப் போகும்போது துரைப்பாக்கம் என்று பொதுவாகச் சொல்லி விடுவது அங்கே பலருக்குப் பழக்கம். ஏரியாவின் பெயரைக் கெடுத்ததில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. அடிதடி, வெட்டுக்குத்து நடந்தால் கொட்டை எழுத்தில் கண்ணகி நகர். பிள்ளைகள் பாஸ் செய்தால் பொடி எழுத்து!

அந்தப் பெயருக்கு ஒரு பெண் பதில் சொன்னாள். 2025 அக்டோபரில் பஹ்ரைன் நாட்டில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் இந்தியப் பெண்கள் கபடி அணி தங்கப் பதக்கம் வென்றது. அணியின் துணைக் கேப்டன் ‘கண்ணகி நகர் கார்த்திகா’. விலாசத்தை மறைக்காமல் பெயருக்கு முன்னால் வைத்துக் கொண்ட பெண்!

திறமைக்கு அங்கே பஞ்சம் இல்லை என்பதற்கு இதைவிட சாட்சி வேண்டாம். ஆனால் ஆயிரம் பிள்ளையில் ஒரு பிள்ளை சுவரைத் தாண்டிக் குதித்தது என்பதற்காகச் சுவர் இல்லை என்று ஆகி விடுமா?

குமாஸ்தாவுக்கும் இதே பாடு

இது குடிசைக்காரர் பிரச்சினை, நமக்கு என்ன என்று பஸ்சில் உட்கார்ந்து படிக்கும் வாசகர் நினைக்க வேண்டாம்.

வீட்டு மனை விளம்பரத்தைப் பாருங்கள். ‘பிரபல பள்ளிக்கூடம் 5 நிமிட தூரத்தில்’ என்று போட்டிருக்கும். அந்த 5 நிமிடத்துக்குத்தான் காசு! நல்ல பள்ளி இருக்கும் ஏரியாவில் வாடகை ஏறுகிறது. சம்பளத்தில் பாதியை வாடகைக்குக் கொடுத்து விட்டு, தீப்பெட்டி மாதிரி வீட்டில் மாம்பலத்திலும் மயிலாப்பூரிலும் குடியிருக்கும் குமாஸ்தாவைக் கேளுங்கள். ‘பசங்க படிப்புக்காகத்தான் சார்’ என்பார்.

வாடகை கட்டுப்படியாகாத கடைக்காரர் புறநகருக்குப் போகிறார். பிள்ளையை வேன் வைத்து அனுப்புகிறார். அவருக்கு வேன் செலவு. குடிசைக்காரருக்கு லாரி. தள்ளும் கை ஒன்றுதான். காசு உள்ளவன் பள்ளிக்குப் பக்கத்தில் வருவான், இல்லாதவன் தூரப் போவான் என்பதுதான் அந்தக் கை.

பழைய மகாபலிபுரம் ரோட்டில் காலை 7 மணிக்கு நின்று பார்த்தால் படம் தெளிவாகத் தெரியும். ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், காவலாளி, நீச்சல் குளம் வைத்த அடுக்கு மாடி. அங்கிருந்து ஏ.சி. போட்ட பள்ளி வேன் புறப்படுகிறது. அதே ரோட்டில் மாநகர பஸ் படிக்கட்டில் புத்தகப் பையோடு தொங்குகிறான் வேறு ஒரு பையன். இரண்டு பேரும் ஒரே ரோட்டில்தான் போகிறார்கள். ஒரே பள்ளிக்குப் போவது மட்டும் இல்லை.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா?

செய்திருக்கிறது. சொல்லாமல் விட்டால் நியாயம் ஆகாது.

குடியேற்றப் பகுதிகளில் பள்ளிகள் வந்திருக்கின்றன. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பெரிய தெம்பு. வேலைக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் தாய்க்கு, பிள்ளை பசியோடு இருக்காது என்ற நிம்மதி. அங்கே பாடம் எடுக்கும் ஆசிரியர்கள் பலர் கஷ்டம் தெரிந்து, பிள்ளைகளைத் தேடி வீட்டுக்கே போய் அழைத்து வருகிறவர்கள்.

ஆனால் வீடு முதலில் வந்தது, பள்ளிக்கூடம் பின்னால் வந்தது. இடையில் படிப்பை விட்ட பிள்ளைகளை யார் கணக்கில் எழுதுவது?

இன்னொன்று. கட்டிடம் கட்டினால் மட்டும் அது பழைய திருவல்லிக்கேணி பள்ளி ஆகி விடாது. ஊரில் உள்ள ஏழைகளை எல்லாம் ஒரே இடத்தில் குவித்தால், அங்கே உள்ள பள்ளிக்கூடத்தில் ஏழைப் பிள்ளை மட்டும்தான் இருக்கும். எச்.எம்.மிடம் போய் ‘ஏன் சயன்ஸ் வாத்தியார் வரவில்லை?’ என்று அதட்டிக் கேட்கப் படித்த பெற்றோர் இல்லை. பழைய பள்ளியில் குமாஸ்தா கேட்டால் குடிசைப் பிள்ளைக்கும் சேர்த்து நியாயம் கிடைத்தது.

ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் அடித்துப் போகும், உயிருக்கு ஆபத்து என்கிறார்கள் அதிகாரிகள். சரியான பேச்சு. வெள்ளத்தில் கிடந்து சாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆற்றங்கரையை விட்டு எழுப்பலாம். ஊரை விட்டு எழுப்ப வேண்டுமா என்பதுதான் கேள்வி.

புளியந்தோப்பு கே.பி.பார்க்கில் நகரத்துக்குள்ளேயே உயரமான கட்டிடம் கட்டினார்கள். 2021-ல் அதன் சுவர்ப் பூச்சு கையோடு பெயர்ந்து வந்து சந்தி சிரித்தது வேறு விஷயம். பூச்சில்தான் மோசடிப் புகார் எழுந்தது, இடத்தில் அல்ல. நகரத்துக்குள் கட்ட முடியும் என்பது அங்கேயே தெரிந்து விட்டது.

சட்டத்தில் இருப்பதைத் தெரிந்து கொள்ளுங்கள்

வீடு மாறும் குடும்பங்கள் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டியவை, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. 6 வயது முதல் 14 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு, 8-ம் வகுப்பு வரை இவை பொருந்தும்:

* டி.சி. கேட்டால் தலைமை ஆசிரியர் உடனே கொடுக்க வேண்டும். இழுத்தடித்தால் அவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம்.

* டி.சி. வர தாமதம் ஆனாலும், அதைக் காரணம் காட்டிப் புதுப் பள்ளி பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது.

* வருடத்தின் நடுவில் வந்தாலும் சேர்த்துக் கொள்ள வேண்டும்.

* பிறந்த தேதிச் சான்று இல்லை என்பதற்காகத் திருப்பி அனுப்பக் கூடாது.

* படிப்பை விட்ட பிள்ளையை வயதுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்து, தனிப் பயிற்சி கொடுக்க வேண்டும்.

வீட்டுக்கு அருகே பள்ளி அமைக்க வேண்டியதும் அரசாங்கத்தின் கடமை. அதற்குச் சட்டம் கொடுத்த கெடு 3 வருடம். அந்தக் கெடு 2013-லேயே முடிந்து விட்டது.

பட்டியலைப் படித்து விட்டு நம்முடைய 9-ம் வகுப்புப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அவளுக்கு 14 வயது முடிந்து விட்டது. 8-ம் வகுப்பைத் தாண்டி விட்டாள். இந்தச் சட்டத்தின் குடை அவள் தலைக்கு மேல் இல்லை! வீடு மாற்றத்தில் படிப்பை விடும் ஆபத்து எந்த வயதில் அதிகமோ, அந்த வயதில் சட்டம் கையை விட்டு விடுகிறது.

என்ன செய்யலாம்?

கோடிக்கணக்கில் செலவு ஆகும் யோசனை எதுவும் தேவை இல்லை.

ஜூன் முதல் ஏப்ரல் வரை, பள்ளி நடக்கும்போது வீட்டை இடிப்பது இல்லை என்று ஓர் உத்தரவு போட வேண்டும். பொதுப் பரீட்சை மே மாதத்துக்குத் தள்ளிப் போனால் இடிப்பும் தள்ளிப் போக வேண்டும்.

குடிசையைக் கணக்கெடுக்க வரும் அதிகாரி ரேஷன் கார்டு நம்பரை எழுதுகிறார், ஆதார் நம்பரை எழுதுகிறார். அதே காகிதத்தில் ஒவ்வொரு பிள்ளையின் வகுப்பையும், எமிஸ் நம்பரையும் எழுதிக் கொண்டால் என்ன? டி.சி.யையும் புதுப் பள்ளி அட்மிஷனையும் பெற்றோர் அலையாமல் இலாகாவே முடித்து விடலாம். 9-ம் வகுப்புக்கு மேல் படிக்கிற பிள்ளைகளுக்கும் சேர்த்து!

பழைய பள்ளியிலேயே படிப்பை முடிக்க விரும்பும் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் தனி பஸ் விடலாம்.

25 சதவீத சீட்டுக்கு 1 கிலோ மீட்டர் என்ற கணக்கை, நகரத்தை விட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்கு மட்டுமாவது தளர்த்தலாம். தூரப் போகச் சொன்னது அரசாங்கம். தூரத்தில் இருக்கிறாய் என்று சீட்டை மறுப்பதும் அரசாங்க விதி என்றால் அது என்ன நியாயம்?

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டுச் சாவி கொடுக்கும் மேடையில் சாவியோடு இன்னொரு காகிதமும் கொடுக்க வேண்டும். இந்தப் பிள்ளைக்கு இந்தப் பள்ளியில், இந்த வகுப்பில், நாளைக் காலை முதல் இடம் உண்டு என்ற காகிதம். அதைக் கொடுக்க முடியாத அன்றைக்குச் சாவியும் தயாராகவில்லை என்றுதான் அர்த்தம். லாரியும் வரக் கூடாது.